எழுத்துக்கு ஒன்பது ரூபாய்

கறுப்புக் கிரானைட், ஆறுக்கு மூன்று.
எழுத்துக்கு ஒன்பது ரூபாய்,
புள்ளிக்குத் தனிக்காசு கிடையாது.
நெல்லிக்குப்பம் சாலையில் என் கடையில்
அம்மன் கோயில் உபயக் கல்லுக்கும்
பெட்ரோல் பங்க் திறப்புக் கல்லுக்கும்
ஒரே விலைதான்.

பனையாண்டிக்குப்பம் பங்கிலிருந்து
பிலவேந்திரன் சார் வந்தார்.
ஆதியில் இருந்த சாமியார்கள் பெயரெல்லாம்
கோயில் முகப்பில் ஏறணுமாம்.
கோடு போட்ட தாளில் பட்டியல்,
தேதி சரிபார்க்க, மஞ்சள் பையில்
செல்லரித்த ஒரு பேரேடு.

முதல் பெயர் எதியென் குர்வால், 1868.
எதியென் என்றால் முடியப்பராம்.
முடியப்ப சாமி என்றே ஊர் கூப்பிட்டது,
தலையில் ஒரு முடி இல்லாதவரை.
கிணறு மூன்று வெட்டினார், மூன்றும் உப்பு.
ஓலைக் கோயில் ஐப்பசிப் புயலில் பறந்தது;
கவிழ்த்துப் போட்ட தோணிக்கடியில் பூசை வைத்தார்,
முழங்காலிட்டபடியே, நிமிர இடமில்லாமல்.
இதெல்லாம் சார் சொன்னது.
வெள்ளைக்காரச் சாமிகளின் பக்கங்கள்
எனக்கு வெறும் கொடிப் பின்னல்.

அடுத்தவர் லெயோன் மர்தினே, 1873.
செங்கல் கோயில் அவர் கட்டியது.
கையெழுத்து நூல் பிடித்தாற்போல.
பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு
அதில் ஒரு கட்டம் சாதிக்கு.
கோயிலுக்குள்ளும் அப்படி ஒரு கோடு இழுத்திருக்கிறார்,
ஆளுயரச் சுவர்.
கிழக்குத் தெரு பாடினால்
மேற்குத் தெருவுக்குக் குரல் மட்டும் வரும்.

பிறகு தாது வருஷப் பஞ்சம், பின்னாலேயே வாந்திபேதி.
ஒரே பக்கத்தில் முப்பத்தொரு சாவு.
முப்பத்தொன்றாவது அவர்.
அந்த வரி மட்டும் தமிழில் இருந்தது.
நான் படிக்கத் தொடங்கியது அங்கேதான்.

புள்ளி வைக்காத எழுத்து. கட்டம் இல்லை.
எழுதியவர் உபதேசியார் சந்தியாகு
என்று ஒரு மூலையில்.
"சாமியை அடக்கம் பண்ணினது. கனமில்லை,
ரெண்டு பேர் தூக்கினோம்."
"கைக்குழந்தைக்கு ஆபத்து ஞானஸ்நானம்.
பேர் கேக்கத் தாய் இல்லை.
மரியாள் என்று போட்டேன்."
"மேக்கே ஆறு, கிழக்கே நாலு, ஒரே குழி."
அப்புறம் இது:
"நரி தோண்டுது. சுவத்துக் கல்லு நானூறு பேத்து
குழி மேலே அடுக்கினது."

ஒரு கல்லுக்காரன் நான்.
நானூறு கல்லைத் தனியாளாய்ப் பேர்த்தால்
கை என்ன ஆகும் என்று தெரியும்.
அடுத்த நாள் எழுத்து
கோணிக்கொண்டு கிடந்தது.

மூன்று வருஷம் அந்தக் கை மட்டும்.

1880. புதுக் கை. தமிழ்ச் சாமிதான், ராயண்ணர்.
கட்டம் திரும்ப வந்துவிட்டது.
அவர் எழுதிய முதல் செலவு:
சுவர் மறுபடி எழுப்பக் கொத்தன் கூலி
பதினொரு ரூபாய்.

போன் போட்டேன்.
எழுபத்தேழுக்கும் எண்பதுக்கும் நடுவில் யார் சார்?
"யாருமில்லைங்க. அப்ப பங்கு காலி."
அந்தச் சுவர்?
"அது எப்பவோ போயிடுச்சே", என்றார்,
எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

தாளில் உள்ளபடி பதினான்கு பெயர் வெட்டினேன்.
தங்க வண்ணம் ஏற்றிக் காயவிட்டேன்.
மெஷினை அணைக்கப் போன மொய்தீனை
இருடா என்றேன்.
இருவருமாகக் கல்லைக் குப்புறப் புரட்டி
முதுகில் ஐந்தெழுத்து,
அவர் எழுதுகிறாற்போலவே
புள்ளி வைக்காமல்.

வண்டியில் ஏற்றுமுன் சார்
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
முகப்பில் இருந்ததற்கெல்லாம் காசு தந்தார்.
கணக்கு நேர்.

அங்கே கொத்தன் சிமெண்டை அப்பி
கல்லைத் தூக்கி வைத்து
உள்ளங்கையால் அழுத்தியபோதுதான்
எனக்கு உறைத்தது,
அந்த மனுஷனைக் கொண்டுபோய்
எதற்குள் வைத்திருக்கிறேன் என்று.